கலந்த நெல்லை யார் பிரிப்பது

எங்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் வகுப்பு மாடியில் நடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே கோட்டை கட்டிய ராஜகிரி மலை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மலையைக் கரும்பலகை மாதிரிப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் கோட்டையை யாரை நம்பிக் கட்டினாங்க?" என்பதுதான். பிள்ளைகள் முழிப்பார்கள். ஒன்றிரண்டு பேர் சாமியை நம்பி என்பார்கள். "யாரையும் நம்பாமக் கட்டினாங்க" என்று கடைசியில் நானே சொல்லிவிடுவேன். மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்த மதில், அதைச் சுற்றி அகழி, உள்ளே வந்தாலும் நேராகப் போகவிடாத வாசல்கள். எல்லாவற்றையும் தாண்டி உச்சிக்குப் போனால் அங்கே பாறையில் ஒரு பிளவு, அதைக் கடக்க ஒரு பாலம். ஆபத்து வந்தால் பாலத்தை இழுத்துவிடலாம். கீழே நிற்கும் தன் படையையே முழுசாக நம்பாதவன்தான் அப்படி ஒரு ஏற்பாடு செய்வான் என்பேன்.

பிறகுதான் பாடத்துக்குள் நுழைவேன். மனிதன் அடிப்படையில் ஆசையும் பயமும் பிடித்தவன், அவனைக் கட்டிப்போட ஒரு அரசும் அதன் கையில் ஒரு தடியும் வேண்டும் என்பது ஒரு கட்சி. அவர்கள் யதார்த்தவாதிகள். மனிதன் இயல்பில் நல்லவன், சரியான ஏற்பாடு செய்து கொடுத்தால் தானாகவே நேராக நடப்பான் என்பது இன்னொரு கட்சி. அவர்கள் இலட்சியவாதிகள். ஆசிரியை நடுநிலையாகப் பாடம் நடத்த வேண்டும் என்று விதி. நான் நடத்தியதில்லை. நான் முதல் கட்சி. வீட்டு வாசலில் செருப்பை விட்டால் உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருகிற ஜாதி.

போன வருஷம் ஒரு மாணவி எழுந்து நின்று, "மேடம், கோட்டைக்குள்ள அவ்ளோ பெரிய நெல் களஞ்சியம் இருக்குதே. மாசக்கணக்கா முற்றுகை போட்டா, உள்ள இருக்கிறவங்களுக்கு அந்த நெல்லை யார் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க? அவங்களை எல்லாரும் நம்பித்தானே ஆவணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "கத்தியைக் கையில வெச்சுக்கிட்டுப் பிரிச்சிருப்பாங்க" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை என்றாலும் மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன்.

இனி நெல்லுக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர் பிள்ளைகள். மூத்தவள் பெரியக்கா, நடுவில் நான், கடைசியில் சென்னையில் வேலை பார்க்கும் தம்பி. நைனா, எங்கள் அப்பா, விட்டுப்போன நிலம் சிங்கவரத்தில் இருக்கிறது. கிணறும் மோட்டாரும் கூடிய ஒன்றரை ஏக்கர். பெரியக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அவள் அந்த ஊரிலேயே தங்கி அதில் பயிர் வைக்கிறாள். தம்பிக்கு அதை விற்றுவிட வேண்டும். ப்ளாட் போடுகிற ஆள் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். பெரியக்கா முடியாது என்றாள். அவன் முடியும் என்றான். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் என் கட்சிக்காரி போலத் தீர்ப்புச் சொன்னேன். பாசம், நைனா நினைவு, மண் வாசனை எதுவும் வேண்டாம். கோடையில் அறுக்கிற இந்த நவரைப் போகம் கணக்காகட்டும். கையைக் கடிக்காமல் வந்தால் நிலம் இருக்கட்டும், அக்கா பக்கம் நிற்கிறேன். நஷ்டம் வந்தால் விற்றுவிடலாம், தம்பி பக்கம் நிற்கிறேன். தம்பிக்கு அது நியாயமாகப் பட்டது. பெரியக்கா கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "சரி பாப்பா" என்றாள். ஐம்பதைத் தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த நாலு மாதமும் அவள் வயலில் பட்ட பாட்டை நான் சொல்லப்போவதில்லை. குண்டு நெல் நன்றாகத்தான் விளைந்திருந்தது.

கோடை விடுமுறை என்பதால் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன அன்று நானும் அவளோடு போனேன். நிலையம் என்றால் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. சாலையோரம் ஒரு காலி மைதானம், ஒரு தகரக் கொட்டகை, ஈரப்பதம் பார்க்க ஒரு கருவி, எடை போட ஒரு மெஷின். டோக்கன் முறைப்படி கூப்பிடுவார்கள். கூப்பிடும் வரை நெல்லை மைதானத்தில் குவித்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் குவியல். இரண்டு குவியல்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற இடம்தான் இருக்கும்.

அந்தக் குவியல்களின் மேல் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் குறி போடுவார்கள். சாம்பலைக் கைப்பிடியளவு எடுத்து, குவியலின் மேலே கோடு கோடாகத் தூவிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தினுசு. யாராவது ஒரு கை நெல்லை அள்ளினால்கூடக் கோடு குலைந்து காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு இந்தக் குறியின் மேல் தனிப் பிரியம் உண்டு. அதனால் ஒரு திருடனையும் தடுக்க முடியாது. திருட்டுப் போனது தெரியும், அவ்வளவுதான். பூட்டுப் போடுகிற அளவுக்கு அவநம்பிக்கையும் இல்லை, அப்படியே விட்டுப் போகிற அளவுக்கு நம்பிக்கையும் இல்லை. தெரிந்துபோனால் அவமானப்படுவான் என்கிற ஒரு எதிர்பார்ப்பு மட்டும் இருக்கிறது. இதை நான் வகுப்பில் சொல்வதில்லை, ஏனென்றால் இதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று எனக்கே தெரியாது.

எங்களுக்குப் பக்கத்துக் குவியல் அனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருடையது. அறுபது தாண்டியவர். ஒல்லி, உரத்த குரல். எங்கள் குவியல் மேட்டுப் பக்கம், அவருடையது பள்ளத்துப் பக்கம். காலையில் போய் இறங்கியதுமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"இன்னாம்மா நீ, அங்க நின்னுக்கினு அள்ளறே? உன் கால் பட்டு என் நெல்லு சரியுது பாரு!"

"யாரு கால் பட்டுச்சு? நீங்கதான் உங்க தார்ப்பாயை என் பக்கம் இழுத்து வெச்சிருக்கிறீங்க. ஒரு முழம் உள்ள வந்துட்டீங்க."

"ஒரு முழமா! உன் ஊட்டு நெலமா இது?"

"உங்க ஊட்டு நெலமும் இல்ல."

பெரியக்கா இடுப்பில் கையை வைத்துவிட்டாள். வீட்டில் அதிர்ந்து பேசாதவள். பெரியவர், தான் போட்டிருந்த குறி அவ்வளவு நெருக்கமாக இல்லை என்று சந்தேகப்பட்டோ என்னவோ, இவளுடைய குறியைப் பார்த்தபின் மறுபடி சாம்பல் எடுத்து இரண்டாவது வரிசைக் கோடு போட்டார். இவள் மூன்றாவது போட்டாள். நான் ஓரமாகச் செங்கல் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு குவியல்கள், இரண்டு நாடுகள், நடுவில் ஒரு முழம் எல்லை. என் பாடப்புத்தகத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராஜகிரிக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறியது. கோடை மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. முதலில் ஒரு காற்று வந்து மைதானம் முழுக்கத் தூசியைக் கிளப்பியது. எல்லாரும் அவரவர் தார்ப்பாயை நோக்கி ஓடினார்கள். நானும் அக்காவும் எங்களுடையதை இழுத்து மூடி, ஆளுக்கொரு மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். பெரியவர் தனி ஆள். ஒரு பக்கம் கல் வைத்தால் மறுபக்கம் தூக்கியது.

"ஏம்மா! ஏம்மா! அந்த முனையைக் கொஞ்சம் புடியேன்!" என்று அவர் கத்தினார். முனை பெரியக்காவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் படபடத்தது. அவள் பிடிக்கவில்லை. பிடிக்க எழுந்தால் எங்கள் மூலை பறந்துவிடும். நானும் எழவில்லை. அவருடைய தார்ப்பாய் அப்படியே கிளம்பிப் போய் எடை மெஷின் கொட்டகை மேல் விழுந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்த மைதானத்தில் ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு அவரவர் நெல்லின் மேல் அவரவர் குந்தியிருந்தார்கள். என் கட்சிதான் சரி என்று நனைந்துகொண்டே நினைத்துக்கொண்டேன். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

மேலிருந்து வந்த மழையைத் தடுத்துவிட்டோம். தரையில் வந்ததைத் தடுக்க முடியவில்லை. சாலை ஓரத்துக் கால்வாய் நிரம்பி வழிந்து, மேட்டிலிருந்து ஒரு ஓடை மாதிரி நேரே எங்கள் குவியலின் அடியில் புகுந்தது. உட்கார்ந்த இடம் எனக்குக் கீழே இறங்குவது தெரிந்தது. எங்கள் நெல் வழிந்து போய் அவர் நெல்லில் மோதி, இரண்டும் சேர்ந்து பள்ளத்து மூலையில் சுற்றுச்சுவர் ஓரமாகப் போய் ஒதுங்கின. மழை வந்த வேகத்திலேயே நின்றது. வெயில் அடித்தது. பார்த்தால் எங்களிடம் மேலே ஒரு சிறு குவியல் மிச்சம், அவரிடமும் கொஞ்சம் மிச்சம். மீதி எல்லாம் சுவர் ஓரத்தில் சேறும் தண்ணீருமாக ஒரே மேடு. இரண்டு பேருடையதும் குண்டு நெல், இரண்டும் மெஷினில் அறுத்தது. எது யாருடையது என்று சொல்ல வழியே இல்லை. சாம்பல் குறியின் சுவடுகூட இல்லை.

உடனே மறுபடி சண்டை. பள்ளத்தில் இருந்தது தன்னுடையது, முதலில் தண்ணீர் அடித்தது அதைத்தான், ஆகவே கலந்ததில் பெரும்பங்கு தன்னுடையது என்று பெரியவர் நாலு பேரைக் கூட்டிச் சத்தம் போட்டார். மேட்டிலிருந்து இறங்கியது தன்னுடையது, தானிருந்த இடத்தில் பாதிகூட மிச்சமில்லை என்று பெரியக்கா பதிலுக்குச் சத்தம் போட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. அவள் எதை நினைத்துக் கத்துகிறாள் என்று எனக்குத் தெரியும். சுவர் ஓரத்தில் கிடப்பதில் பெரும்பங்கு வந்தால் போகம் கையைக் கடிக்காது. வராவிட்டால் நைனாவின் நிலம் போய்விடும்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர், மூட்டை தூக்குகிறவர், அலுத்துப்போய்ச் சொன்னார்: "இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்? ஒருத்தர் பிரிங்க, ஒருத்தர் எடுங்க. வேலை முடிஞ்சிது."

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்கிற முறை அது. பெரியவன் இரண்டாகப் பிரிப்பான், சின்னவன் தனக்கு வேண்டியதை முதலில் எடுப்பான். கை வைத்துவிட்டால் பிறகு மாற்றிப் பேசக் கூடாது. நான் இதை வகுப்பில் கொண்டாடாத வருஷம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு நல்லவர்கள் தேவையே இல்லை. பிரிக்கிறவன் எவ்வளவு பேராசைக்காரனாக இருந்தாலும், எடுக்கிறவன் பெரியதை எடுத்துக்கொள்வான் என்ற பயத்திலேயே சமமாகப் பிரித்தாக வேண்டும். மனிதனை உள்ளபடி வைத்துக்கொண்டே நியாயத்தை வரவழைக்கிற தந்திரம் என்று சொல்வேன். நானே முன்னே போய், "அதான் சரி" என்றேன்.

வயதில் மூத்தவர் என்பதால் பெரியவர் பிரிப்பது என்று ஆனது. ஈர நெல்லை எல்லாரும் சேர்ந்து வாரிச் சுவரோரமிருந்து கொட்டகைப் பக்கத்துச் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்புச் சட்டியில் அள்ளி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கொட்டத் தொடங்கினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டி நிறைவதும் குறைவதும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. முதலில் சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் போனபிறகு அவர் கை கொஞ்சம் தயங்கியது. நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார், எங்கள் குவியல் இருந்த இடத்தை. பிறகு அள்ளியதையெல்லாம் வலது பக்கமே கொட்டினார். கடைசியில் துடைப்பத்தால் பெருக்கிச் சேர்த்ததையும் வலது பக்கமே தள்ளினார். இரண்டு குவியல்களும் சமமில்லை என்பது குருடனுக்கும் தெரியும். அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எடும்மா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிழவருக்குக் கணக்குத் தெரியவில்லையா, கண் தெரியவில்லையா என்று ஒரு நொடி யோசித்தேன். அடுத்த நொடி, எதுவாயிருந்தால் நமக்கென்ன, அக்கா பிழைத்தாள் என்று நினைத்தேன். பெரியக்கா இரண்டையும் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நடந்து போய்க் குனிந்து, இடது பக்கத்துச் சின்னக் குவியலில் கையை வைத்தாள்.

முதலில் கோபம் வந்தது பெரியவருக்குத்தான்.

"ஏம்மா, கண்ணு தெரியலியா உனக்கு? அது சின்னது!"

"தெரியுது."

"தெரிஞ்சா பெருசை எடு. உன்னுதுதான் நெறைய எறங்குச்சு. மேல இருந்து அப்டியே வந்துச்சு, நான் பார்த்தேன்."

"பார்த்தீங்களா? அப்ப இவ்ளோ நேரம் உங்களுதுன்னு கத்தினீங்களே?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "கத்தினேன். நாலு பேர் எதிர்ல கத்தத்தான் செய்வேன். பிரிக்க சொல்லிட்டீங்க. பிரிக்கிறது என் கை ஆச்சே."

இத்தனை வருஷம் நான் கொண்டாடிய தந்திரம், பேராசைக்காரனைக் கட்டிப்போட என்று நான் நினைத்த கயிறு, அது அவரைக் கட்டிப்போடவே இல்லை. அவர் கையில் பொறுப்பைக் கொடுத்தது, அவ்வளவுதான். மற்றதை அவர் செய்துகொண்டார்.

"நீ ஏன் இதை எடுத்தே, அதைச் சொல்லு" என்றார் அவர், விடாமல்.

பெரியக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "உங்க தார்ப்பாய் பறந்துச்சு. புடின்னு கத்தினீங்க. எனக்குக் காது நல்லா கேட்டுச்சு. புடிக்கலை. அதான்."

"நான் மட்டும் உன்னுதைப் புடிச்சிருப்பனா? போம்மா!"

"அது உங்க பாடு. நான் கை வெச்சிட்டேன்."

"மாத்து."

"மாத்தக் கூடாது."

காலையில் ஒரு முழ மண்ணுக்கு அடித்துக்கொண்ட அதே இரண்டு பேர், அதே குரலில், அதே கையாட்டலோடு, பெரிய குவியலை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர், "ரெண்டு பேருக்கும் வேணான்னா சொல்லுங்க, நான் எடுத்துனு போறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மலைப் பக்கம் திரும்பி நின்றேன். மழைத் தண்ணீர் ராஜகிரிப் பாறைகளில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கருப்புப் பாறை முழுக்கப் பளபளத்தது.

என்னால் சும்மா இருக்க முடியாது. நின்ற இடத்திலேயே மனசுக்குள் இரண்டு பேரையும் குறுக்கு விசாரணை செய்தேன். ஊர் மெச்ச வேண்டும் என்று செய்தாரா? ஊர் எதிரில்தான் அவர் பொய்யே சொன்னார். நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே என்று செய்தாளா? அவர் அனந்தபுரம் பக்கம், இவள் சிங்கவரம், இனி எங்கே பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? பழி, பாவம், சாமி? ஒரு வார்த்தை அப்படிப் பேசவில்லை. சரி, இவர்கள் நல்லவர்கள் என்று எழுதிக்கொண்டு மறு கட்சிக்குப் போய்விடலாமா? அதுவும் முடியாது. மழையில் அவர் கத்தியபோது பிடிக்காத கை இவளுடையது. நாலு பேரைக் கூட்டிப் பொய் சொன்ன வாய் அவருடையது. ஒரே நாளில், ஒரே ஆட்கள். நான் இத்தனை காலமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனித சுபாவம் என்ற ஒன்றை அன்றுதான் நேரில் பார்த்த மாதிரி இருந்தது. எவ்வளவு பெரியது அது என்று வாயைப் பிளந்து நின்றேன். அந்த மாணவி கேட்டாளே, உள்ளே நெல்லை யார் பிரித்தார்கள் என்று, அந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்கு நான் கல்லால் கட்டியதை மட்டும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரியவர் கடைசியில் பெரிய குவியலை ஏமாற்றப்பட்டவர் போல முனகிக்கொண்டே அள்ளிப்போனார். போன கையோடு, உலர்த்த இடம் போதவில்லை என்று பெரியக்காவிடம் மறுபடி எகிறினார். இவளும் விடவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

மாலை வெயில் நன்றாக இருந்தது. ஈர நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பிவிட்டு, பெரியக்கா வெறுங்காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு நடந்தாள். நான் ஓரத்தில் நின்றேன். எவ்வளவு தேறும் என்று அவள் கண்ணாலேயே அளந்துவிட்டிருந்தாள். பெரியதை எடுத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். சின்னதில் கையை வைத்தபோதே அது அவளுக்குத் தெரியும்.

"பாப்பா" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "கையைக் கடிச்சிடுச்சு. பேசின பேச்சு பேசினதுதான். தம்பிகிட்ட சொல்லிடு, கையெழுத்துப் போட்டுடறேன். நீ என் மூஞ்சைப் பார்த்துத் தயங்காத. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

அவள் இதையும் அதே குரலில்தான் சொன்னாள், மாத்தக் கூடாது என்று சொன்ன அதே குரலில். கொட்டகைக்குப் பின்னால் போய்த் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அங்க மழைன்னு நியூஸ்ல பார்த்தேன் சின்னக்கா. நெல்லு இன்னாச்சு?"

"நனைஞ்சிடுச்சு. கொஞ்சம் போச்சு."

"லாபமா, நஷ்டமா?"

"நஷ்டம்."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. அவன் கெட்டவன் இல்லை. "பாவம் பெரியக்கா. சரி, அப்ப பேசினபடி அந்த ஆளை வரச்சொல்லவா?"

"வேணாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கணக்குப் பார்க்கணும்னு நீதானே சொன்னே?"

"நான்தான் சொன்னேன்."

"நஷ்டம்னும் நீதானே சொல்றே?"

"ஆமா."

கொட்டகை ஓரமாக எட்டிப் பார்த்தேன். பெரியக்கா தரையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள், தலையைக் குனிந்து, காலால் நெல்லை விலக்கிக்கொண்டு.

"சின்னக்கா, நீயா பேசறே?" என்றான் தம்பி.

"நான்தான்டா" என்றேன்.